ஏஜென்ட் சொல்ற "ஃப்ரீ சீட்", கவுன்சிலிங், கல்விக்கடன்: பாம்பன் பிள்ளைக்கு எது தோது?

பாம்பன்_தாய்மாமன்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி மக பிளஸ் டூ முடிச்சிருக்கா. கட்-ஆஃப் 200க்கு 158 வருது. இன்ஜினியரிங்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. மச்சான் விசைப்படகுல பங்குக்குப் போறவர். தங்கச்சி சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்கப் போகும். இப்ப தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு படகு கரையிலதான். அரசாங்கம் தர்ற 8,000 நிவாரணம் கடைக்காரர் பாக்கிக்கே சரியாப் போச்சு.

நேத்து ஒரு ஆளு பைக்ல வந்து, "சீட்டு உறுதி, ஸ்காலர்ஷிப்ல படிப்பு ஃப்ரீ, ஹாஸ்டலுக்கு மட்டும் கட்டுனாப் போதும். டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலக் குடுங்க, 5,000 அட்வான்ஸ் குடுங்க"ன்னு சொல்லிருக்கான். மச்சான் கொடுத்துரலாம்ங்கிறார். நான் திருப்பூர்ல கிடக்கேன். எனக்கு பனியன் கம்பெனி தெரியும், இந்த ஃபீஸ் விவகாரம் ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்டபம்_டீச்சர்

தம்பி, ஒரிஜினல் எதையும் கொடுக்கக் கூடாதுன்னு முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வந்து மத்ததைப் படிங்க.

அந்த ஆளு போட்டுத் தர்றது மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு. அரசு தர்ற பெரிய சலுகைக்கெல்லாம் வாசல் ஒண்ணுதான், கவுன்சிலிங். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா வர்ற ஒதுக்கீட்டு ஆணை கையில இருந்தாத்தான் முதல் பட்டதாரி சலுகை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். அதே காலேஜ், அதே பெஞ்சு, அதே வாத்தியார். ஆனா மேனேஜ்மென்ட் வழியா உள்ள போன பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது. "ஸ்காலர்ஷிப்" அப்படின்னு அவன் சொல்றது பல நேரம் காலேஜ் தன் ஃபீஸை ஏத்தி வச்சுக் கொஞ்சம் இறக்கிக் காட்டுறது. ரெண்டாம் வருஷம் அந்த இறக்கம் இருக்குமான்னு கேளுங்க, பேச்சை மாத்துவான்.

பிள்ளை ஆறாவதுலேருந்து எந்த ஸ்கூல்? அதைச் சொல்லுங்க, மிச்சத்தைச் சொல்றேன்.

பாம்பன்_தாய்மாமன்

பத்தாவது வரைக்கும் சர்ச் நடத்துற ஆர்.சி. ஸ்கூல், அரசு உதவி பெறுறது, தமிழ் மீடியம். 11, 12 கவர்ன்மென்ட் ஸ்கூல். மூத்தவன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடிச்சுட்டு சென்னையில இருக்கான். வீட்டுல வேற யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்ல.

மண்டபம்_டீச்சர்

அப்ப 7.5 இல்ல. அதுக்கு ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுக்க அரசுப் பள்ளியா இருக்கணும். இல்லன்னா கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளியில எட்டாவது வரை படிச்சுட்டு, ஒன்பதுலேருந்து அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். உதவி பெறும் பள்ளி இதுல வராது. அந்த ஒதுக்கீட்டுல போனா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாத்தையும் அரசே கட்டும். 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், சட்டம், வேளாண்மை, மீன்வளம்னு விரிஞ்சுச்சு.

நம்ம கடற்கரைக்கு இது பெரிய அடி. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம்னு மீனவர் பிள்ளைகள்ல நிறையப் பேரு சர்ச் நடத்துற உதவி பெறும் பள்ளியிலதான் படிக்குது. அதே ஏழ்மை, அதே சத்துணவு, வாத்தியாருக்குச் சம்பளமும் அரசுதான் தருது. ஆனா பிள்ளை ஒதுக்கீட்டுக்கு வெளியில. வருஷா வருஷம் சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சதுதான் மிச்சம்.

ஆனா முதல் பட்டதாரி உங்களுக்கு உண்டு. டிப்ளமோ பட்டத்துல சேராது, அதனால அண்ணன் படிச்சது தடை இல்ல. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, இதுல யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது. ஒரு வீட்டுல ஒருத்தருக்குத்தான் இந்தச் சலுகை, அதையும் தெரிஞ்சுக்குங்க.

தொண்டி_லாத்தா

புதுமைப் பெண் திட்டத்தை விட்டுட்டீங்களே டீச்சர். 2022ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளிப் பொண்ணுகளுக்கு மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் 2024-25லேருந்து உதவி பெறும் பள்ளியில தமிழ்வழி படிச்ச பொண்ணுகளுக்கும் மாசம் 1,000 வருது. பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன். வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் இது தனியா வரும். நாலு வருஷத்துக்கு 48,000. எம் மக அதுலதான் பஸ் காசு, ஜெராக்ஸ், செமஸ்டர் ஃபீஸ்னு ஓட்டுறா. வீட்டுல கைநீட்டிக் கேக்கிறதில்ல, அதுவே பெரிசு.

ஏர்வாடி_கரை

எல்லாரும் இன்ஜினியரிங்னு பறக்குறீங்க. ராமேஸ்வரத்துல அப்துல் கலாம் பேர்ல அரசு கலைக் கல்லூரி இருக்கு, ராம்நாட்டுல அரசு மகளிர் கல்லூரி இருக்கு. பி.எஸ்சி.க்கு டியூஷன் ஃபீஸே கிடையாது. வருஷத்துக்குச் சில ஆயிரத்துல முடிஞ்சுரும். அதுலயும் அந்த 1,000 வரும். கடனும் இல்ல உடனும் இல்ல. நாலு வருஷம் கழிச்சு இன்ஜினியரிங் படிச்ச பிள்ளை 12,000 சம்பளத்துக்குப் போறதை நாங்க பாத்துட்டுத்தான் இருக்கோம்.

உச்சிப்புளி_மெக்கானிக்கல்

அண்ணே, அந்த 12,000 சம்பளத்துல ஆரம்பிச்சவன்தான் நானும். இன்னைக்கு அப்படி இல்ல. ஆனா உங்க பேச்சுல பாதி உண்மை இருக்கு. எந்தக் காலேஜுன்னு பாக்காம "இன்ஜினியரிங்"ங்கிற பேரை மட்டும் பாத்துச் சேந்தா நீங்க சொன்னதுதான் நடக்கும். 158க்கு ராம்நாட்டுல இருக்கிற அண்ணா பல்கலைக்கழகக் காலேஜைச் சாய்ஸ்ல முதல்ல போடலாம், பாம்பன்லேருந்து போய் வரலாம். காரைக்குடி அழகப்பா அரசு இன்ஜினியரிங் காலேஜையும் போட்டு வைங்க. வரலைன்னா அப்புறம் தனியார். சாய்ஸ் லிஸ்ட்டுதான் உங்க ஃபீஸைத் தீர்மானிக்கிறது, ஸ்காலர்ஷிப் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

கீழக்கரை_ஷார்ஜா

முதல் பட்டதாரின்னா முழு ஃபீஸும் போயிருமா? எங்க மச்சினன் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கான்.

மண்டபம்_டீச்சர்

போகாது காக்கா. டியூஷன் ஃபீஸ்ல மட்டும்தான் கழிவு. தனியார் இன்ஜினியரிங் காலேஜ்னா வருஷத்துக்கு 25,000 வரை. ஒரு பேச்சுக்கு டியூஷன் ஃபீஸ் 50,000ன்னா கையிலேருந்து 25,000 கட்டணும். அதுக்கு மேல பஸ், ஹாஸ்டல், பரீட்சை ஃபீஸ், "பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்", யூனிஃபார்ம்னு பட்டியல் நீளும். இந்த நீளுற பகுதிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அதனால காலேஜைப் பாத்து "டியூஷன் ஃபீஸ் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க. "முதல் வருஷம் மொத்தமா நான் எவ்வளவு கட்டணும், எழுதித் தாங்க"ன்னு கேளுங்க. சில இடத்துல முழுசா வாங்கி வச்சுக்கிட்டு, அரசுகிட்டேருந்து வந்த பிறகு திருப்பித் தருவாங்க. அதையும் முன்னாடியே கேட்டுக்கணும்.

அரசுக் காலேஜ், உதவி பெறும் காலேஜ்ல கிடைச்சா பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் எழுதிப் போடலாம். வீட்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளோட போஸ்ட் மெட்ரிக்குக்கும் அதே வரம்பு.

பாம்பன்_தாய்மாமன்

நான் போன் போடுறதுக்குள்ள மச்சான் கொடுத்துட்டார். டிசி, மார்க் ஷீட், 5,000 எல்லாம் போயிருச்சு. அந்த ஆளு போனை எடுக்கல. கவுன்சிலிங்குக்குப் பதியக் கடைசித் தேதி நெருங்குது. ஒரிஜினல் இல்லாம என்ன பண்றது?

ஈசேவை_தங்கச்சிமடம்

பதறாதீங்கண்ணே. கவுன்சிலிங் பதிவுக்கு ஒரிஜினல் கையில இருக்கணும்னு இல்ல. எல்லாம் ஆன்லைன்ல ஸ்கேன் பண்ணி ஏத்துறதுதான். மார்க் ஷீட்டை டிஜிலாக்கர்ல எடுக்கலாம். டிசி ஜெராக்ஸ் ஸ்கூல்ல கேட்டா தருவாங்க. இன்னைக்கே பிள்ளையை அனுப்புங்க, பதிஞ்சுரலாம்.

கூடவே ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூணும் எடுத்துருங்க. ஒண்ணுக்கு 60 ரூபாய்தான் கட்டணம். எவனாவது "2,000 கொடு, நாளைக்கே வாங்கித் தர்றேன்"னு வந்தா நம்பாதீங்க. விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மேல போகணும். அதுக்கு ஆகுற நாள் ஆகத்தான் செய்யும். அதனாலதான் ரிசல்ட்டுக்கு முன்னாடியே எடுத்து வைங்கன்னு கடையில போர்டே எழுதிப் போட்டிருக்கேன். போர்டு பக்கத்துல நின்னுதான் டீ குடிப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல.

ராம்நாடு_ஓய்வு_வங்கியர்

ஒரிஜினல் விஷயத்துக்கு: மூலச் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. ஏஜென்டைத் தேடி அலைய வேண்டாம். நேராகக் கல்லூரிக்குப் போய், "சேர விருப்பமில்லை, சான்றிதழைத் திருப்பித் தாருங்கள்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலோடு மனு கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடன் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்விக்கடன் 4 லட்சம் வரை நம் கையிலிருந்து பங்குப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நாம் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிக்கும் காலமும், முடித்து ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அதன்பின் 15 வருடம் வரை அவகாசம் உண்டு. ஹாஸ்டல், புத்தகம், லேப்டாப்புக்கும் சேர்த்தே கேட்கலாம். ஃபீஸ் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும்.

தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். கணக்குப் பாருங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருடம், 10 சதவீத வட்டி. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதுக்கு நாலு, மூன்றாவதுக்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. தவணை ஆரம்பிக்கும்போது 1,40,000 வட்டி ஏறி, கடன் 5,40,000 ஆக நிற்கும். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 7,100க்கு மேல் வரும். அந்த 1,40,000 இல்லாவிட்டால் 5,300க்குச் சற்றுக் குறைவுதான்.

அதை மத்திய அரசே கட்டும் வழி ஒன்று உண்டு, வட்டி மானியத் திட்டம். பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்பிஏ என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. இங்கேயும் அதே வாசல்தான், டீச்சர் சொன்னது போல. பாதியில் படிப்பை விட்டால் மானியமும் போகும். 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்று புதிதாக ஒன்று வந்தது. நாட்டில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அது, வந்தபோது 860 இருந்தன. 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் கடனுக்கு, 3 சதவீத வட்டிச் சலுகை. நம் பிள்ளை சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி_கரை

சார் நல்லாத்தான் சொல்றீங்க. பேங்க் வாசல்ல போய் நின்னு பாருங்க. "இது உங்க ஏரியா பிராஞ்ச் இல்ல", "மேனேஜர் லீவு", "ஃபிக்சட் டெபாசிட் ஏதாவது இருக்கா"ன்னு அலைய விடுவாங்க. அதுக்கு வியாபாரிகிட்ட கேட்டா சாயங்காலமே பணம் வீட்டுக்கு வந்துரும்.

உச்சிப்புளி_மெக்கானிக்கல்

வியாபாரி பணத்தைப் பத்தி நான் சொல்றேன் அண்ணே. எங்க அப்பாவுக்கு நாட்டுப்படகு, நண்டு வலை. என் முதல் வருஷ ஃபீஸை ஏல வியாபாரிகிட்டதான் வாங்குனாரு. வட்டின்னு ஒரு பைசா கேக்கல மனுசன். ஊரே தங்கமான ஆளுன்னுச்சு. ஆனா முன்பணம் வாங்குன படகு வேற ஆளுக்கு நண்டு போடக் கூடாது. வெளியில கிலோ 400 போகுறப்ப எங்களுக்கு 350 எழுதுவாரு. பத்து கிலோ பட்டா அன்னைக்கு 500 ரூபாய் போச்சு. அது அசல்லயும் கழியாது. அசல் அப்படியே நிக்கும், எடை போடுறப்ப ரெண்டு நண்டு "கால் ஒடிஞ்சது"ன்னு தனியா வேற போகும். அம்மா அந்தத் துண்டுச் சீட்டையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சிருந்துச்சு. ரெண்டாம் வருஷம் உக்காந்து கூட்டிப் பாத்தோம். பேங்க் வட்டியெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. விசைப்படகுல பங்குக்குப் போறவங்களுக்கும் இதே கதைதான், ஓனர்கிட்ட முன்பணம் வாங்குனா அது தீர்ற வரைக்கும் வேற படகுல ஏற முடியாது.

பேங்க்ல அலைய விட்டது உண்மை. ஆனா ஒரு தடவைதான் அலைஞ்சோம். இது வருஷம் பூரா.

ராம்நாடு_ஓய்வு_வங்கியர்

"ஏரியா பிராஞ்ச் இல்லை" என்று கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வாய்ப்பேச்சில் மறுத்தால் போகட்டும் என்று திரும்பி வராதீர்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்துவிட்டுப் போனால் விண்ணப்பம் கணக்கில் ஏறிவிடும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அதற்குப் பிறகும் இழுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். மாவட்ட நிர்வாகம் கல்விக்கடன் முகாம் போடும்போது போனால் வேலை சுருக்க முடியும். முப்பது வருடத்துக்கு மேல் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், காகிதத்தோடு வருகிறவரை விரட்டுவது கஷ்டம்.

வேர்க்கோடு_தெற்கு

இடையில வந்ததுக்கு மன்னிக்கணும். அண்ணனைப் படகோட இலங்கை நேவி பிடிச்சு யாழ்ப்பாணம் ஜெயில்ல வச்சிருக்கு. அவர் பையனுக்கு லோன் கேட்டா அப்பா வந்து கையெழுத்துப் போடணும்ங்கிறாங்க. எங்க போய்க் கூட்டிட்டு வர்றது?

ராம்நாடு_ஓய்வு_வங்கியர்

தாய் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடலாம். பெற்றோரில் ஒருவர் போதும். அண்ணியாரின் ஆதார், பான் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஈசேவை_தங்கச்சிமடம்

சான்றிதழ் விண்ணப்பத்துலயும் இதே சிக்கல் வரும். பிடிபட்டவங்க குடும்பத்துக்கு நாளைக்கு 500 ரூபாய் அரசு தருதுல்ல, அதனால மீன்வளத்துறையில பேரு விவரம் எல்லாம் பதிவுல இருக்கும். அங்க ஒரு கடிதம் வாங்கி மனுவோட வச்சு தாசில்தாரைப் பாருங்க. மீனவர் நல வாரிய அட்டை இருந்தா வாரியத்துலயும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு, தொகை சின்னதுதான். அட்டையைப் புதுப்பிக்காம வச்சிருந்தா அதுவும் வராது.

தொண்டி_லாத்தா

பாம்பன் தம்பி, சிறுபான்மையினருக்கு டாம்கோங்கிற அரசுக் கழகத்துல குறைஞ்ச வட்டிக்குக் கல்விக்கடன் இருக்கு, கிறிஸ்தவங்களுக்கும் உண்டு. கலெக்டரேட்ல சிறுபான்மையினர் நல ஆபீஸ்ல கேளுங்க. பொண்ணுங்கிறதால மத்திய தொழில்நுட்பக் கல்விக் குழு ஏஐசிடிஇ-யோட பிரகதி ஸ்காலர்ஷிப்பும் இருக்கு. வருஷத்துக்கு 50,000, வருமானம் 8 லட்சம் வரைக்கும். ஆனா போட்டி ஜாஸ்தி, மார்க் வச்சுத்தான் எடுப்பாங்க. வேற ஸ்காலர்ஷிப் வாங்குறவங்களுக்கு அது கிடையாது, ரெண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டுறாதீங்க.

கீழக்கரை_ஷார்ஜா

இவ்வளவும் இருக்குன்னு ஊருல ஒருத்தரும் சொல்றதில்ல லாத்தா. கல்யாணத்துக்கு எவ்வளவு செலவாகும்னு கேட்டா காசு கணக்குச் சொல்வாங்க.

மண்டபம்_டீச்சர்

சொல்றோம் காக்கா, பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாத்தானே. இன்னொண்ணு, எல்லாரும் மறக்கிறது: ஸ்காலர்ஷிப் எதுவும் ஜூன்ல வராது. காலேஜ் ஆரம்பிச்சு, பதிவு, சரிபார்ப்பு எல்லாம் முடிஞ்சு வர்றப்ப டிசம்பர் தாண்டிடும். ஆனா சீட்டு கிடைச்ச சில நாள்லயே ஃபீஸ் கட்டணும். நம்ம ஊருல படகு இறங்குறதே ஜூன் 15. முதல் ரெண்டு மூணு தடவை கடலுக்குப் போய் வர்ற காசு டீசலுக்கும் பழைய பாக்கிக்கும் போயிரும். ஏஜென்டுக்குத் தெரியும் இது. அதனாலதான் மே மாசத்துல வர்றான். அந்த ஒண்ணரை மாச இடைவெளிக்கு மட்டும் நகையை பேங்க்ல வச்சுச் சமாளிச்சுட்டு, லோன் முதல் தவணை வந்ததும் மீட்டுக்குங்க. ஃபீஸ் கட்டின ரசீதைக் காட்டினா, கட்டின தொகையைத் திருப்பி வாங்க வழி இருக்கான்னு பேங்க்ல கேட்டு வைங்க.

பாம்பன்_தாய்மாமன்

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். கலெக்டர் மனுன்னு சொன்ன மறுநாளே டிசி, மார்க் ஷீட் வந்துருச்சு. 5,000 "ஆபீஸ்ல பேசித் தர்றோம்"ங்கிறாங்க, வந்த மாதிரிதான். பிள்ளைக்கு ரெண்டாம் சுற்றுல ராம்நாடு அண்ணா பல்கலைக்கழகக் காலேஜே கிடைச்சுருச்சு. முதல் பட்டதாரியும் ஏறிருச்சு. ஃபீஸ் கம்மிங்கிறதால மச்சான், "லோனே வேணாம், ஓனர்கிட்ட 30,000 வாங்கிக்கிறேன்"ங்கிறார். என்ன சொல்றது?

உச்சிப்புளி_மெக்கானிக்கல்

பிஸ்கட் டப்பா கதையை மச்சானுக்குப் படிச்சுக் காட்டுங்க.

ராம்நாடு_ஓய்வு_வங்கியர்

தேவை குறைவு என்றால் குறைவாக வாங்குங்கள். நாலு வருடத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு அனுமதி வாங்கி, அந்தந்த வருடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்கலாம். எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றை மறக்காமல் கிளையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஈசேவை_தங்கச்சிமடம்

லோன் இருக்கட்டும். புதுமைப் பெண்ணுக்குக் காலேஜ்ல பேரு ஏத்துறதுக்கு முன்னாடி பிள்ளையோட பேங்க் அக்கவுண்ட் ஆதாரோட மேப் ஆயிருக்கா? ரெண்டு மூணு அக்கவுண்ட் இருந்தா கடைசியா எதை இணைச்சிருக்கோ அதுக்குத்தான் பணம் போகும். போன வருஷம் ஒரு பொண்ணு பணமே வரலைன்னு அழுதுச்சு. பாத்தா ஸ்கூல்ல முகாம் போட்டுத் திறந்த தபால் ஆபீஸ் பேங்க் கணக்குல ஏழு மாசப் பணம் கிடக்கு, அப்படி ஒரு கணக்கு இருக்கிறதே அதுக்கு ஞாபகம் இல்ல.

பாம்பன்_தாய்மாமன்

ஐயய்யோ, எங்க பிள்ளைக்கும் அந்த மாதிரி ஒண்ணு திறந்தாங்கன்னு தங்கச்சி சொன்ன ஞாபகம். பாஸ்புக்கு எங்கன்னு தெரியல.

ஈசேவை_தங்கச்சிமடம்

பாஸ்புக்கு வேணாம். ஆதார் கார்டும், ஆதார்ல இருக்கிற நம்பர் போட்ட போனும் போதும், ஓடிபி வரும். நாளைக்குக் காலையில அனுப்புங்க. பத்து மணிக்கு மேல சர்வர் படுத்துரும்.